ஐந்தாவது கட்டம்

பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்காகத் தையல்காரி நான்கு கேமராக்கள் வாங்கினாள். அவற்றின் படங்களைச் சேமிக்க ஒரு கம்ப்யூட்டரும் தேவைப்பட்டது. கடைக்காரர் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியைக் காட்டினார்.

"இதுல ஃபேன் கிடையாதும்மா. இருக்கிற இடமே தெரியாது. நாலு கேமராவுக்கு இது தாராளம்."

அம்மாவுக்குச் சத்தம் ஆகாது. அதனால் அதையே வாங்கினாள்.

எலக்ட்ரீஷியன் பொருத்தி முடித்ததும் திரையில் ஐந்து கட்டங்கள் தெரிந்தன. ஐந்தாவதில் குளியலறைக்குப் போகும் நடை தெரிந்தது. அங்கே கேமராவே இல்லை. எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார்.

"வயர் நாலுதான் இருக்கு. அழிச்சுடவா?"

"விடுங்க, அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

ஒரு வாரம் கழித்து, கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் போனில் வீட்டுக் கேமராப் படங்களைப் பார்த்தாள். ஐந்தாவது கட்டத்தில் அம்மா தரையில் விழுந்து கிடந்தாள். உடனே பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, கதவை உடைச்சாவது உள்ள போங்க!"

அம்மா பிழைத்துக்கொண்டாள். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். வீடு திரும்பியதும் அம்மா சொன்னாள்: "நான் விழுந்து கிடந்தப்போ யாரோ பக்கத்துலயே உக்காந்திருந்தாங்கடி. எனக்குப் பயமாவே இல்ல."

அம்மாவைப் படுக்க வைத்துவிட்டுத் தையல்காரி நடைக்குப் போனாள். வெற்றுச் சுவர்தான் இருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. கைகூப்பி, "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

பிறகு போனைப் பார்த்தாள். ஐந்தாவது கட்டத்தில் அவளே நின்றிருந்தாள். அந்தப் படம், யாரோ தலையசைப்பதுபோல, மெல்லக் கீழிறங்கி மேலேறியது.