பாதி சீடி, பாதி நேரில்

"மிஸ், வந்திட்டாங்க! முன் கதிரையில இருத்தி, கோப்பியும் குடுத்திட்டன்" என்று மூச்சு வாங்கச் சொன்னாள் வரவேற்பு மேசை றோஸி.

கௌரி அவசரமாகச் சீடிகளை அடுக்கினாள். மிஸஸ் நவரத்தினம் என்றால் சும்மாவா? கம்பனிகளின் பயிற்சித் திட்டங்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கும் நிபுணர். முகத்தைக் கண்டவர் இந்தக் கந்தோரில் யாருமில்லை. பெயரைக் கேட்டே எல்லோருக்கும் நடுக்கம்.

கொள்ளுப்பிட்டியிலிருந்த அந்தக் காப்புறுதிக் கம்பனியின் முகவர்களுக்காகக் கௌரி மண்டையை உடைத்து ஒரு திட்டம் போட்டிருந்தாள். பாதிப் பாடத்தைச் சீடியில் போட்டுக் கொம்பியூட்டரில் படிக்க வேண்டும். மற்றப் பாதி வகுப்பில், ஆளுக்கு ஆள் முகம் பார்த்து. 2007இல் அது புதுச் சங்கதிதான். பிடித்துப்போனால் எல்லாக் கிளைகளுக்கும் போகும். பிடிக்காவிட்டால் கௌரி பழையபடி கவுண்டரில் நின்று ஊராரின் ஏச்சை வாங்க வேண்டும்.

"பயப்பிடாதீங்க மிஸ். பின்னேரம் பின்னேரம் வெள்ளவத்தை நெட் கடையில கிடந்து செஞ்ச வேலை வீண் போகுமா?" என்றாள் றோஸி.

கௌரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

உள்ளே, முகவர்கள் நிறைந்திருந்த வகுப்பின் முன் கதிரையில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, பச்சைச் சேலையில் ஓர் அம்மா இருந்தார். பக்கத்தில் முகாமையாளர் மஜீட்.

"தொடங்குங்க கௌரி. ஜும்ஆ தொழுகைக்கு முந்தி முடிச்சிருவம்" என்றார் அவர்.

கௌரி ஒரு முகவரை எழுப்பினாள். "இவர் சின்னராசா அண்ணை. கொம்பியூட்டர்ச் சோதினையில நூற்றுக்கு நூறு."

சின்னராசாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அண்ணை, இந்த மேடம்தான் உங்கட வாடிக்கையாளர் எண்டு வையுங்கோ. ஒரு பொலிசி எடுக்கப் பண்ணுங்கோ பாப்பம்."

சின்னராசா கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அம்மாவின் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"வணக்கம் அம்மா. இப்ப நீங்கள் செத்துப்போனா..."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மஜீட் தலையில் கையை வைத்தார். அந்த அம்மா மட்டும் அசையவில்லை.

"தம்பி, குடிச்ச கோப்பி இறங்கட்டும். பிறகு சாகிறன்" என்றார்.

கௌரி சமாளித்துக்கொண்டாள். "பாத்தீங்களோ மேடம்? முதல்ல சுகம் விசாரிக்க வேணும் எண்டு சீடியில சரியாத்தான் பதில் குடுத்தவர். ஆளை நேர கண்டோடன எல்லாம் பறந்திட்டுது. மற்றப் பாதி அதுக்குத்தான்."

"அப்ப முழுக்க நேரயே படிப்பிச்சா என்ன?" என்று கேட்டார் அம்மா.

"இந்தச் சண்டைக் காலத்தில எந்த றோட்டை எப்ப பூட்டுவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும் மேடம்? தூரத்தில இருக்கிறவை நினைச்ச நேரம் வரேலாது. அதுவரைக்கும் கொம்பியூட்டர் இருக்கிறது எவ்வளவு பெரிய உதவி!"

"அதில ஒராள் பொய் சொன்னா எப்பிடிப் பிடிப்பீர்?"

"பிடிக்கேலாது. பக்கத்தில ஆரையாவது வைச்சுக்கொண்டும் மறுமொழி சொல்லலாம். முன்னால இருத்தி வைச்சுக் கதைச்சாத்தான் ஆள் ஆரெண்டு தெரியும்."

அம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "சரி பிள்ளை, எவ்வளவு காலம் அப்பிடிக் கொம்பியூட்டரிலயே விடலாம்?"

"ரெண்டு மாசம். அதுக்கு மேல இழுத்தடிச்சா ஆக்கள் அலுத்துப்போய் விட்டிட்டுப் போயிடுவினம் மேடம்."

"ம்... வேலை முடிஞ்சு எத்தினை மணிக்கு வீட்டை போவீர்? உம்மை ஆரும் ஏசினா என்ன செய்வீர்?"

கௌரி முழித்தாள். மஜீட்டோ, நிபுணர் கேட்டால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று பணிவாகத் தலையாட்டினார்.

"ஆறு மணியாகும் மேடம். ஏசினா முதல்ல பேசாமக் கேப்பன். பிழை என்னிலயெண்டா திருத்துவன். இல்லாட்டி நானும் சொல்லுவன்."

"சொல்லத்தான் வேணும்!" அம்மா மனம் விட்டுச் சிரித்தார். "எனக்குப் பூரண திருப்தி."

"எனக்கும்தான். அவ்வளவு கேள்விக்கும் அசராமப் பதில் சொன்னீங்களே, மாஷா அல்லாஹ்! அடுத்த மாசமே எல்லாக் கிளைக்கும் அனுப்பிருவம்" என்று சொல்லிவிட்டு மஜீட் பள்ளிவாசலுக்கு ஓடினார்.

கௌரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இனிக் கவுண்டர் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்! அம்மாவை வழியனுப்ப லிப்ட் வரை கூடவே போனாள்.

அப்போது றோஸி ஓடிவந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"மிஸ்! மிஸஸ் நவரத்தினம் இப்பதான் கோல் எடுத்தாங்க. காலி வீதியைப் பூட்டிட்டாங்களாம். இண்டைக்கு வர ஏலாதாம்!"

கௌரி மெதுவாகத் திரும்பினாள். "அப்ப... நீங்கள்?"

"ஒருத்தருக்கும் சொல்லாம உம்மை ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டுதான் வந்தனான் பிள்ளை. வாசல் மேசையில இருந்த இந்தப் பிள்ளை என்னை வாய் திறக்க விட்டாத்தானே! கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் இருத்திட்டுது."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கௌரி பார்த்திருக்கிறாள். பின்னேரம் பின்னேரம், வெள்ளவத்தை நெட் கடையின் சின்னத் திரையில், இன்னொரு முகத்தில்.

"ஒண்டரை வருசமா என்ர மகன் ரொறன்ரோவில இருந்துகொண்டு கொம்பியூட்டர்ப் பாதியிலயே நிக்கிறான், ரெண்டு மாசத்துக்கு மேல இழுத்தடிக்கக் கூடாதெண்டு நீரே சொல்லிட்டீர், இண்டைக்கே பிளேன் ரிக்கெற் போட்டு வரச் சொல்லுறன்" என்றார் மாமி.