ஜிலேபியின் வாய்

ஒரு குளத்தில் மூன்று மீன்கள் மூன்று விதமாகப் பிள்ளை பெற்றன. கெண்டை முட்டைகளைத் தண்ணீரில் இறைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். விரால் பாசி நடுவே முட்டைகளை மிதக்கவிட்டு அடியிலேயே காவல் கிடக்கும். ஜிலேபி மீனோ குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக்கொண்டு, தான் பட்டினி கிடந்து வளர்க்கும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அந்தக் குளத்தில் யாரும் இல்லை.

விராலின் முட்டைகள் குறைந்துகொண்டே வந்தன.

"தப்பா நினைக்காதீங்கண்ணே," என்றது கெண்டை. "அந்த ஜிலேபி ஏன் வாயே திறக்கிறதில்லை? கன்னம் வேற உப்பியிருக்கு."

விரால் காவலை விட்டுவிட்டு ஜிலேபியின் முன்னால் போய் நின்றது. "வாயைத் திற. இல்லைன்னா உன்னையே விழுங்கிடுவேன்."

ஜிலேபி பயந்து திறந்தது. பொடிப்பொடியாகக் குஞ்சுகள் சிதறின. விரால் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தது. ஒன்றுகூட அதன் சாயலில் இல்லை.

அப்போது, விராலின் முதுகுக்குப் பின்னால், கெண்டை பாசிக்குள் நுழைவதை ஜிலேபி கண்டது.

"அண்ணே, அங்கே..." என்று சொல்லி முடிப்பதற்குள், விராலைக் கண்டு மிரண்ட குஞ்சுகள் அத்தனையும் தாயின் வாய்க்குள் பாய்ந்துவிட்டன.

விரால் திரும்பிப் போனபோது ஒரு முட்டைகூட மிச்சமில்லை. பதறிக்கொண்டு ஓடிவந்தது. "நீ இங்கேதானே நின்னே? யார் வந்தது, சொல்லு!"

அதற்குள் பக்கத்தில் வந்து நின்ற கெண்டையையே ஜிலேபி பார்த்தது.

"பாருங்கண்ணே," என்றது கெண்டை, எதையோ விழுங்கிக்கொண்டே. "கேட்டா என்னை முறைக்கிறா. வாயைத் திறக்கிறாளா?"