எழுந்திருங்க அத்தான்!

"எழுந்திருங்க அத்தான்! எல்லாரும் பாக்குறாங்க!"

மரக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் நகர மன்றக் கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் முதல் ஆளாக எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து நாற்காலியில் அவருடைய அக்காள் கணவர், பட்டன் கடைக்காரர், உட்கார்ந்தே இருந்தார்.

பின்வரிசையில் குடைக்கடைக்காரம்மாவும் ஓர் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். எழுவதற்காக நாற்காலியின் கையைப் பற்றியிருந்தவர், பற்றிய பிடியிலேயே உறைந்துபோனார்.

மேடையில் மேயர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். தீர்மானம் சின்னதுதான். நிலைமை சீராகும்வரை ஊரில் தேர்தல் கிடையாது. மன்றத்தின் அதிகாரம் முழுக்க இனி மேயர் கையில். சம்மதிக்கிற உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும்.

"வழக்கமா வாக்குப் பெட்டி வைப்பாங்களேய்யா?" என்று குடைக்கடைக்காரம்மா தொடக்கத்திலேயே கேட்டுப் பார்த்திருந்தார்.

"பெட்டி எதுக்கும்மா? நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு?" என்றார் மேயர்.

கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. கிழிந்த குடையை விரித்துக் காட்டாமலே விற்கிறவன் பேச்சும் அப்படித்தான் இனிக்கும்.

சுவரோரம் மேயரின் சாம்பல் சட்டைப் பையன்கள் கைகட்டி நின்றார்கள். கண்ணாடிக் கடைக்காரரின் நாற்காலி காலியாகக் கிடந்தது. போன கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய மனிதர். மறுநாள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்க யாருக்கும் நாக்கு எழவில்லை. பக்கத்து ஊர் மன்றத்திலும் இதே தீர்மானம்தான். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை என்று பேப்பரில் பெருமையாகப் போட்டிருந்தது.

குடைக்கடைக்காரம்மாவின் கடை இருப்பது நகராட்சிக் கட்டடத்தில். எழுந்தால் கடை பிழைக்கும். ஆனால் இன்றைக்கு எழுந்துவிட்டால், நாளைக்கு அவர்கள் நில் என்னும்போதெல்லாம் நிற்க வேண்டியதுதான்.

"அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் அத்தான்?" மரக்கடைக்காரர் அத்தானின் தோளைப் பிடித்து உலுக்கினார். "கண்ணாடிக் கடைக்காரர் கதி தெரியும்ல? மனுஷன் எங்க இருக்காருன்னே தெரியலையே!"

எல்லோரும் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைப் பயத்தில் இவர் போட்டு உடைத்துவிட்டார்.

குடைக்கடைக்காரம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. தெருவில் சின்ன உரசல் என்றாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்குகிறவர் இந்த மரக்கடைக்காரர். இன்றைக்கு இப்படி நடுங்குகிறார். பட்டன் கடைக்காரரோ, வரி ரசீதில் கூடுதலாகப் போட்டிருந்தாலும் கட்டிவிட்டு நன்றி சொல்லிவிட்டு வருகிறவர். அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்!

"என்ன பட்டன்காரரே, உடம்புக்கு முடியலையா?" என்றார் மேயர். "அப்படின்னா பரவாயில்லை. சம்மதம்னு எழுதிக்கலாம்."

பட்டன் கடைக்காரர் வாயைத் திறந்தார். வேர்வைதான் வழிந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லைங்கய்யா, குத்துக்கல்லாட்டம் இருக்காரு!" என்று முந்திக்கொண்டார் மரக்கடைக்காரர். "வேணும்னேதான் உக்காந்திருக்காரு. நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே?"

தப்பிக்க இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டானே பாவி, என்று நினைத்துக்கொண்டார் குடைக்கடைக்காரம்மா. அந்த வேர்வை வழியும் பிடரியையே பார்த்தார். பிறகு நாற்காலியின் கையை விட்டுவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஐயையோ, பின்னாடி குடைக்கடைக்காரம்மாவும் எழுந்திருக்கலையே!" என்று அலறினார் மரக்கடைக்காரர்.

அத்தனை தலையும் அந்த அம்மா பக்கம் திரும்பியது. சாம்பல் சட்டைகளின் கண்ணும் திரும்பியது. கடை போச்சு என்று தெரிந்தது. ஆனாலும் சொன்ன விலையிலிருந்து இறங்கினால் அப்புறம் ஒருவனும் மதிக்க மாட்டான் என்பது அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். அசையவில்லை.

எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. எழுந்து நின்றிருந்த தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்துப் பல் டாக்டர். அப்புறம் மூலைக்கு மூலை கிரீச், கிரீச். மிஞ்சி நின்றவர்கள், ஊர் மாறி இறங்கிவிட்ட பயணிகளைப் போல விழித்தார்கள்.

பையன்கள் மேயரைப் பார்த்தார்கள். மேயர் கூடத்தைப் பார்த்தார். ஒரு நாற்காலியைக் காலி செய்யலாம். ஒரு கூடத்தையே எப்படிக் காலி செய்வது?

"தீர்மானம்... தோற்றது" என்று மன்றச் செயலாளர் வாசித்தார். மேயர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியேறினார்.

வாசல் படியில் பட்டன் கடைக்காரரைச் சூழ்ந்து ஒரே கூட்டம். குடைக்கடைக்காரம்மா வழி விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்தார்.

"உங்க தைரியத்தைப் பாத்துத்தான்யா நானும் உக்காந்தேன்."

பின்னால் வந்த மரக்கடைக்காரரைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெக்கமா இல்ல தம்பி? உன்னை மாதிரி ஆளுங்களாலதான் ஊரு இந்தக் கதிக்கு வந்துச்சு. பெத்த தாய்கிட்ட போய் முகத்தைக் காட்டிடாதே!"

மரக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்ததும் பட்டன் கடைக்காரர் தொப்பென்று படியில் உட்கார்ந்தார்.

"அவனைத் திட்டாதீங்கம்மா" என்றார், தோளைத் தேய்த்துவிட்டபடி. "நான் எழுந்திருக்க எத்தனை தடவை பாத்தேன் தெரியுமா? வாயால எழுந்திரு எழுந்திருன்னு கத்திக்கிட்டே, கையால என்னை அமுக்கிப் பிடிச்சிருந்தாம்மா அவன்."