படுக்கை விரிப்பில் ஒரு வீச்சு

சிகிச்சை அறையின் யன்னலுக்கு வெளியே வாவி வெயிலில் மினுங்குகிறது. பற்றிக் அண்ணன் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். வலது தோள் இறுகியதிலிருந்து அவருடைய வீச்சுவலை வளவில் சும்மா தொங்குகிறது. இன்று கை மேலே போனால்தான் தோணியில் ஏறலாமென்று பயிற்சி கொடுக்கும் நிஸ்மியா சொல்லியிருக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் நான், நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்ட வீரன். முழங்கால் கதவுப் பிணைச்சல் மாதிரி. மடங்கும், நீளும், அவ்வளவுதான். என்னுடையது அதையும் செய்வதில்லை. தோளோ கிண்ணத்துக்குள் பந்து, எல்லாப் பக்கமும் சுழலவேண்டும். "பக்கத்தால தூக்குங்க அங்கிள்." கை நெஞ்சுயரத்தில் நின்றுவிடுகிறது. "ஏலா மகள்." அவள் வெறுங்கட்டிலின் விரிப்பை உருவி நீட்டுகிறாள். "வலை எப்பிடி வீசுவீங்க? காட்டுங்க." அவர் சிரிக்கவில்லை. விரிப்பை இடது முழங்கையில் மடித்துப் போட்டு, வலையின் ஈயமணி கோத்த கரையைக் கவ்வுவதுபோல ஓரத்தைப் பல்லால் கவ்வுகிறார். இடுப்பு பின்னே திரும்புகிறது, முழங்கால் தணிகிறது, மணிக்கட்டு சுழல்கிறது, முகம் சுளிக்கிறது. கை காதைத் தாண்டி மேலே போகிறது. பாதி விரிந்த விரிப்பு நேரே என் தலையில் விழுகிறது. உள்ளே சவர்க்கார வாசம். "வலையில என்ன அங்கிள் பட்டிருக்கு?" "கிழட்டுக் கொடுவா, மகள். சதையில்ல." "அப்ப திங்கக்கிழம தோணியில ஏறுங்க, சின்ன வலையோட." பற்றிக் அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. அவர் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை நான் மீனாகவே இருந்துவிடுகிறேன்.