படுக்கையறை இன்ஜின்

படுக்கையறையில் பாதி இடத்தை எட்டு வருடமாக அடைத்துக்கொண்டிருந்த ரேஸ் கார் இன்ஜின் பிளாக்கை வாங்க ஒருவழியாக ஆள் வந்துவிட்டார். மனைவிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கணவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நின்றார்.

“இந்த மாதிரி உலகத்துலயே பதினொண்ணுதான் இருக்கு அக்கா” என்று வந்தவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பேரம் பேசாமல் பணத்தை நீட்டினார்.

“எப்ப எடுத்துட்டுப் போறீங்க?”

அவர் நெளிந்தார். “இது இங்கேயே இருக்கட்டும்க்கா. ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போறேன். வீட்டுக்குக் கொண்டுபோனா என் பொண்டாட்டி என்னையும் சேர்த்து வெளிய தள்ளிடுவா.”

அவள் பணத்தையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏற்கெனவே என்கிட்ட இருந்த ஒரு இன்ஜினை இன்னிக்குக் காலையில தள்ளிட்டா. கீழே வேன்ல இருக்கு. அதையும் இங்க...”

கணவர் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.