ஒரே ஒரு ஜன்னல்

தெருவைப் பார்த்த ஜன்னல் அந்த வீட்டில் ஒன்றுதான். கிறிஸ்துமஸும் யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவும் இந்த வருடம் ஒரே நாளில் வந்து தொலைத்ததால், காலையிலிருந்தே புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை.

"விளக்கு ஜன்னல்லதான் இருக்கணும். போறவங்க வர்றவங்க கண்ணுல படணும், அதான் முறை," என்றாள் கார்லா, பளபளவென்று துலக்கிய ஹனுக்கா விளக்கை நெஞ்சோடு பிடித்தபடி.

"அப்ப கிறிஸ்துமஸ் மரத்தை பாத்ரூம்ல வைக்கவா?" என்றான் நீல். "ஜன்னல்ல மின்னாத மரம் ஒரு மரமா?"

"விளக்கை நகர்த்திப் பாரு, ஹனுக்காவுக்குச் சுடுற உருளைக்கிழங்கு வடை ஒண்ணுகூட உன் தட்டுல விழாது!"

"மரத்தை நகர்த்திப் பாரு, உனக்கு வாங்கின பரிசை அப்படியே கடையில திருப்பிக் கொடுத்துடுவேன்!"

இருவரும் ஜன்னலை மறித்துக்கொண்டு நிற்கும்போதே, விருந்துக்கு வந்த நீலின் அம்மா கதவைத் திறந்து உள்ளே நுழைந்துவிட்டார். நீல் சட்டென்று மரத்துக்குப் பின்னால் பதுங்கினான்.

அம்மா விளக்கைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பிறகு மருமகளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"சர்ச்சுல பாடுற பொண்ணு நீ, எங்க விளக்கை விட்டுக்கொடுக்காம நிக்கிற. நான் பெத்ததப் பாரு, யூத குருவுக்குப் பேரன், மரத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கிறான்!"

மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சின்ன வயசுல நான் மரம் கேட்டு அழுதப்பவே ஒண்ணு வாங்கிக் கொடுத்திருந்தா, இன்னிக்கு இந்த வம்பே இல்லம்மா!"