புளியமரம் ஸ்டாப்

கண்டக்டர் வேலுசாமி விசில் அடித்தார். "புளியமரம் ஸ்டாப். எறங்குறவுக எறங்குங்க."

யாரும் இறங்கவில்லை. இறங்கினால் இரண்டு ஆள் ஆழம். சுற்றிலும் வானம் வரைக்கும் தண்ணீர்தான் தெரிந்தது.

அந்த ஐப்பசி மழையில் பெரிய கண்மாய் பெருகி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுந்தரபாண்டியம் போகும் சாலையை விழுங்கிவிட்டது. பஸ் முதலாளி அசரவில்லை. ஒரு படகை வாங்கி, அதே டிரைவர், அதே கண்டக்டர், அதே ஸ்டாப், அதே நேரம் என்று முங்கிப்போன சாலைக்கு நேர் மேலேயே ஓட்டச் சொல்லிவிட்டார். கொஞ்சம் பிசகினாலும் ரூட் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்பது அவர் பயம்.

முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள். டிரைவர் ரத்தினம் துடுப்பை மடியில் கிடத்திவிட்டு பீடி பற்ற வைத்தார். இன்று பின்காற்று தள்ளியதில் படகு சீக்கிரமே வந்துவிட்டது. நேரம் ஆகும்வரை நிற்க வேண்டும்.

நடுவில் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றவன் கண்ணபிரான். சுந்தரபாண்டியத்தில் இன்னும் சற்று நேரத்தில் அவனுக்குக் கல்யாணம். இங்கே மீனைத் தவிர யாரும் ஏறப்போவதில்லை என்று அவன் வேலுசாமியிடம் கெஞ்சிப் பார்த்தான்.

வேலுசாமி மசியவில்லை. போன மாசம், சாலை இருந்த காலத்தில், இதே ஸ்டாப்பில் நேரத்துக்கு முன்னால் வண்டியை எடுத்ததை யாரோ முதலாளி காதில் போட்டுவிட்டார்களாம். இன்னொரு தடவை மாட்டினால் வேலை இல்லையாம்.

"ஏலே, நீ நீந்தியே போயிருந்தா இந்நேரம் தாலி கட்டியிருப்படா" என்றாள் முன்பக்கமிருந்து மரகதவல்லிச் சித்தி. படகு குலுங்கச் சிரித்தது.

கண்ணபிரான் சிரிக்கவில்லை. தூரத்துக் கரையிலிருந்து நாதஸ்வரம் தண்ணீர் மேல் மிதந்து வந்தது. அவன் வேலுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, பொண்ணோட முறைப்பையன் பந்தல்லயே நிக்கான். பட்டு வேட்டி கட்டிட்டு நிக்கான். முகூர்த்தம் தப்புனா அவனை உக்கார வச்சிருவாக."

வேலுசாமி முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு நான்கு பக்கமும் பார்த்தார். தள்ளி நின்ற கருவேல மரங்களின் தலையெல்லாம் கொக்குகளால் வெளுத்திருந்தது. படகுக்குப் பக்கத்தில், புளியமரத்தின் உச்சி மட்டும் ஒரு பச்சைத் தீவு போல, ஒரு கொக்குகூட இல்லாமல் நின்றது. வேறு படகு இல்லை. மனுசவாடையே இல்லை.

"நடுக் கண்மாயில யாரு பாக்கப்போறா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இரண்டு விசில் கொடுத்தார்.

ரத்தினம் பீடியை எறிந்துவிட்டுத் துடுப்பைப் போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். கண்ணபிரான் மாலையைச் சரிசெய்துகொண்டான். படகு ஒரு முழம் நகர்ந்திருக்கும்.

புளியமரத்தின் இலைகள் விலகின. உள்ளேயிருந்து, இடுப்பு வரை நனைந்த காக்கிக் கால்சட்டையோடு ஒருவர் கிளையைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார்.

"செக்கிங். வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க."